நகர்ந்து போனவர்கள்

1

ஜெனியின் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் பனி கரைந்து முடிந்ததும் குடியேறிகள் நாள் கொண்டாடுகிறார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அன்றைக்கு, இந்தச் சமவெளிக்கு அந்தக் காலத்தில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிய குடும்பங்களைப் போல வேஷம் போட்டுக்கொண்டு போகவேண்டும். பெண்பிள்ளைகளுக்குக் கணுக்கால் வரைக்கும் பாவாடை, கன்னத்தை மறைக்கிற துணித்தொப்பி. பையன்களுக்குத் தோளில் பட்டி வைத்த கால்சட்டை. வெண்ணெய் கடைவார்கள், மக்காச்சோளம் இடிப்பார்கள், மரவாளியில் தண்ணீர் சுமப்பார்கள். தண்ணீர் சுமப்பதை விளையாட்டாகச் செய்கிற ஊர் இது. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, அப்படி வந்த குடும்பம் ஒன்றைப் பற்றிய பழைய சிறுவர் கதைப் புத்தகத்தை வகுப்பில் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அமெரிக்காவின் நடுவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளமாகத் தெரிகிற ஒரு சிறு ஊரில் இருக்கிறோம். நான் இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். என் வீட்டுக்காரர் அருள் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். ஜெனி இங்கேயே பிறந்தவள். வந்த புதிதில் இந்தத் தட்டை நிலத்தைப் பார்த்தாலே எனக்குத் தலைசுற்றும். திருச்செங்கோட்டு மலையோ சங்ககிரிக் கோட்டையோ ஏதாவது ஒன்று தூரத்தில் தெரிந்துகொண்டே இருக்கிற காட்டில் வளர்ந்தவள் நான். இங்கே கண் போய் நிற்பதற்கு ஒரு கரடுகூடக் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, ஜெனியின் பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். அவள் புத்தகப் பையைக் கொட்டி எதையோ தேடினாள். அந்தக் கதைப் புத்தகம் என் பக்கமாக வந்து விழுந்தது. அட்டையைப் பார்த்தேன். துணிக்கூடு போட்ட வண்டி, பின்னால் தொங்கும் இரும்புச் சட்டி, வண்டி நிழலிலேயே நடக்கும் நாய்.

கையில் ஊசி இருந்ததை மறந்துவிட்டேன். அது கோமதியின் புத்தகம்.

2

பாஸ்போர்ட்டில் நான் பிறந்த இடம் மல்லசமுத்திரம் என்று இருக்கிறது. ஞானஸ்நானச் சான்றிதழில் பங்குச் சாமியார் அப்படி எழுதியிருந்தார், அதைப் பார்த்து எல்லோரும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர், "பொறந்த ஊட்டோட கதவு எண் என்னம்மா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிறந்த குடிசைக்குக் கதவே கிடையாது. ஒரு தட்டிதான் இருந்தது.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு மேட்டுக்காடு, மழையை நம்பி விதைக்கிற நிலம். திருச்செங்கோட்டில் இருந்த ஒரு பெரியவருக்குச் சொந்தம். அவர் அந்தப் பக்கம் வருவதே இல்லை. என் அப்பாவின் அப்பா காலத்திலிருந்து நாங்கள்தான் அங்கே காவலுக்கும் விதைப்புக்கும் இருந்தோம். ஆமணக்கு, சோளம், மழை நன்றாக இருந்தால் கடலை. விளைந்ததில் பாதியை மூட்டை கட்டி அனுப்புவோம். காட்டின் கிழக்கு மூலையில் யானை படுத்திருப்பது போல ஒரு பாறை. அதற்குக் கீழே ஓடை, ஓடைக்குள் ஓர் ஊற்று. கோடையிலும் ஒரு குடம் மொண்டால் இன்னொரு குடத்துக்கு ஊறிவிடும்.

அப்பா அந்தோணி, அம்மா சவேரியம்மா, அண்ணன் பீட்டர், பிலோ என்கிற நான், தங்கை லூர்து மேரி. எனக்குப் பத்து வயதாகும்போது லூர்துவுக்கு நாலு.

அந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு லாரி காட்டுக்குள் வந்து நின்றது. தகரம், பீரோ, கிரைண்டர், கயிற்றுக் கட்டில், ஒரு கறவை எருமை. சங்ககிரியில் லாரி ஓட்டிச் சம்பாதித்து, அதில் சலித்துப்போய், விவசாயம் பண்ணிப் பார்ப்போமென்று ஒருவர் அந்த நிலத்தை வாங்கியிருந்தார். எங்களுக்கு அதுவரை தெரியாது. முன்சீட்டிலிருந்து அவருடைய மனைவியும், என் வயதில் ஒரு பெண்ணும் இறங்கினார்கள்.

"நீதான் அந்தோணியா?" என்று அவர் அப்பாவைக் கேட்டார். "பெரியவரு சொன்னாரு. காட்ட நான் வாங்கிட்டன். நீ எங்கயும் போவ வேண்டாம், இங்கயே இரு. வேலை நெறைய கெடக்குது."

"ஆகட்டுங்க சாமி," என்றார் அப்பா.

லாரியிலிருந்து சாமான் இறக்கியது அப்பாவும் அம்மாவும் பீட்டரும். தகரக் கொட்டகைக்குக் குழி தோண்டியது அப்பா. அந்தத் தகரத்துக்கு அடியில் பங்குனி வெயிலில் முதலாளியின் மனைவி மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். சங்ககிரியில் மாடி வீட்டில் இருந்தவர். பாம்புக்குப் பயந்து கட்டிலைவிட்டு இறங்கமாட்டார். அவர் மேல் எனக்கு அன்றைக்கும் கோபமில்லை. ஆனால் வந்த அந்த வாரத்திலேயே ஊற்றடிக்கு வந்து அம்மாவிடம், "சவேரி, இனிமே நீங்க கீழ்ப்பக்கமா மொண்டுக்கங்க, நாங்க மேல மொண்டுக்கறம்," என்று சொன்னார். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி நின்றாள்.

3

அந்தப் பெண்தான் கோமதி. வேனில் ஏறித் திருச்செங்கோட்டில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். நான் நடந்து போய் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். சனி ஞாயிறுகளில் அவளுக்கு விளையாட வேறு ஆளில்லாததால் எங்களைக் கூப்பிடுவாள். அவளிடம் அந்தப் புத்தகம் இருந்தது. பாறை மேல் உட்கார்ந்துகொண்டு படத்தைக் காட்டிக் காட்டித் தமிழில் சொல்லுவாள். ஓர் அப்பா, ஓர் அம்மா, மூன்று பிள்ளைகள். எல்லாவற்றையும் விற்றுவிட்டு வண்டியில் ஏறி, யாருமே இல்லாத ஒரு நிலத்தைத் தேடிப் போகிறார்கள். அப்பா மரத்தை வெட்டித் தானே வீடு கட்டுகிறார். ஓநாய் வருகிறது. பனியில் மாடு செத்துப்போகிறது. ஆனாலும் கடைசியில் கோதுமை விளைகிறது.

நானும் லூர்துவும் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். ஓநாய் வருகிற இடத்தில் லூர்து என் பாவாடைக்குள் தலையை விட்டுக்கொள்வாள். விட்டுக்கொண்டே, "அப்பறம்? அப்பறம்?" என்பாள்.

கதை முடிந்ததும் அதை விளையாடுவோம்.

"நாங்கதான் அந்தக் குடும்பம்," என்பாள் கோமதி. "எங்கய்யன் அப்பிடித்தான் வந்துச்சு."

"அப்ப நாங்க?" என்று கேட்டேன்.

அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். உண்மையாகவே தேடினாள். "உங்கள மாதிரி இதுல யாரும் இல்ல பிலோ," என்றாள் கடைசியில். "செரி, மாட்டுக்கு ஆளு வேணும். நீ மாடு."

சிமென்ட் கலக்கும் மரப்பலகையில் கயிறு கட்டி நான் இழுப்பேன். பலகை மேல் கோமதி அம்மாவாக உட்காருவாள், மடியில் லூர்து பாப்பாவாக. காடு முழுக்க இழுத்திருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இழுத்தேன். லூர்து சிரித்தால் இழுக்கலாம் போல இருக்கும்.

சித்திரையில் போர் வண்டி வந்தது. பகலெல்லாம் நிலத்தடிப் பாறையைத் துளைத்தது. காடு முழுக்க வெள்ளைத் தூசு. பிறகு தூசு நனைந்தது. பிறகு தண்ணீர் பனை உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. முதலாளி சட்டையோடு அதில் போய் நின்று அழுதார். அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் நனைந்தோம். லூர்து சுண்ணாம்பில் புரண்ட ஆட்டுக்குட்டி போல ஆகிவிட்டாள்.

ஆடி மாதத்தில் எங்கள் ஊற்று நின்றுவிட்டது. போர் போட்டதால்தான் நின்றதா என்று யாரும் பேசவில்லை. மோட்டார் ஓடும்போது அவர்கள் தொட்டிக் குழாயில் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்துக்கொண்டோம். புரட்டாசியில் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோனது. கழற்றித் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோனார்கள். அது திரும்பி வருகிறவரைக்கும் அவர்களுக்கு டிராக்டரில் தண்ணீர் வந்தது. தங்களுக்கே போதவில்லை என்றார்கள். இருக்கலாம். அம்மா தூரத்தில் இருந்த பழைய கல்லுக்குழிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரைச் சேலையில் வடிகட்டி எடுத்து வந்தாள்.

எங்கள் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. எங்களுக்கு நின்றது. லூர்துவுக்கு நிற்கவில்லை. ஒரு காலையில் அவள் கண் உள்ளே போய், கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தாள். அப்பா கொட்டகைக்கு ஓடினார். முதலாளி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுந்து வந்து, அம்மாவையும் லூர்துவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அவர் அப்படிப் போனதை நான் என்றைக்கும் மறுக்கமாட்டேன். நாங்கள் பாறை மேல் ஏறி நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போகும்போது அவ்வளவு வேகமாகப் போனவர், திரும்பி வரும்போது மெதுவாக வந்தார். அவர் மெதுவாக வந்ததிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

கோயில் கல்லறைத் தோட்டம் தூரம். "பாறை ஓரமா வெச்சுக்கங்க, எடத்துக்கு என்ன," என்று முதலாளியே சொன்னார். உபதேசியார் வந்து செபம் சொன்னார். அப்பா இரண்டு கல்லைக் குறுக்காக வைத்தார். கோமதி தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

அடுத்த வருடம் அவர்களுடைய ஓட்டு வீடு முடிந்தது. அதற்குக் கல் உடைத்தது அப்பா, ஜல்லி சுமந்தது அம்மா. கிரகப்பிரவேசம் ஆன சில நாளில் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டார். "அந்தோணி, உன்ற குடிசை இருக்கற பக்கம் வாழை வெக்கலாம்னு இருக்கறன். நீயும் எத்தன நாளைக்கு இந்தக் காட்டுலயே கெடப்ப? புள்ளைங்களப் படிக்க வெக்கோணுமில்ல. டவுன் பக்கமாப் போயிட்டா உனக்கும் நல்லது."

"ஆகட்டுங்க சாமி," என்றார் அப்பா.

பங்குச் சாமியார் சொல்லி, அம்மாவுக்குச் சேலத்தில் ஒரு கன்னியர் மடத்து விடுதிச் சமையலறையில் வேலை கிடைத்தது. அப்பா செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கினார். சில வருடத்தில் அங்கேயே மூட்டையோடு விழுந்து இறந்தார். அந்த விடுதியில் தங்கித்தான் நான் படித்தேன், நர்ஸ் ஆனேன், விமானம் ஏறினேன். முதலாளி சொன்னது போல எங்களுக்கு நல்லதுதான் நடந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அருள்கூட ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை.

4

இத்தனை வருடம் கழித்து அந்தப் புத்தகத்தை முதல்முறையாக முழுக்கப் படித்தேன். இரண்டு நாள் பகல் விடுமுறையில், ஜெனி பள்ளிக்குப் போனபிறகு, அடுப்படி மேஜையில் உட்கார்ந்து. கோமதி சொன்ன கதை அப்படியே இருந்தது. அவள் சொல்லாமல் விட்டது ஒன்றும் இருந்தது.

அந்தக் குடும்பம் ஆற்றோரம் போய் இறங்கும்போது அங்கே ஏற்கெனவே சிலர் இருக்கிறார்கள். மீன் பிடிக்கிறவர்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது. பேச்சும் கிடையாது. அந்த வீட்டு அம்மா அவர்களுக்குப் பயந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான் அவர்களைப் பற்றி. பிறகு ஓர் அத்தியாயத்தின் தொடக்கத்தில், அவர்கள் அங்கிருந்து போய்விட்டார்கள் என்று ஒரே வரி. அடுத்த வரியில் அப்பா ஏர் பூட்டுகிறார். உழும்போது ஓர் உடைந்த மண்சட்டி மேலே வருகிறது. அவர் அதை எடுத்து ஓரமாக வீசுகிறார்.

அந்தச் சட்டியோடு படிப்பதை நிறுத்திவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

சாயங்காலம் ஜெனியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "இவங்க எல்லாம் எங்க போனாங்கன்னு டீச்சர் சொன்னாங்களா?"

ஜெனி எட்டிப் பார்த்தாள். இங்கிலீஷில் வீடு மாறுவதற்கும் நகர்வதற்கும் ஒரே சொல், மூவ். அதை அவள் அப்படியே தமிழாக்கினாள். "அவங்க நகந்துட்டாங்க அம்மா."

"நகந்துட்டாங்களா?"

"ம். வேற எடத்துக்கு நகந்துட்டாங்க."

டவுன் பஸ்ஸில் சீட்டில் இடம் கேட்கும்போது சொல்லுகிற வார்த்தை. கொஞ்சம் நகருங்க. அவள் தமிழைத் திருத்துவதற்கு எப்போதும் முந்திக்கொள்கிற நான், அன்றைக்குத் திருத்தவில்லை.

5

போன வருடக் கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "லூர்துவப் பாத்துட்டு வரலாமா?" நாங்கள் அந்தக் காட்டைவிட்டு வந்தபிறகு அவள் திரும்பிப் போனதே இல்லை. பீட்டர் ஒரு காரை வாடகைக்கு எடுத்தான். அம்மா, நான், ஜெனி.

வாழையும் இல்லை, வேறு பயிரும் இல்லை. போர் மேல் போர் போட்டு எல்லாம் காய்ந்துபோன இடம். ஓட்டு வீடு சுண்ணாம்பு உதிர்ந்து நின்றது. கோமதி வெளியே வந்தாள். நைட்டியின் மேல் துண்டு. முன்நெற்றியில் முடி நரைத்திருந்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் இறந்துபோய், இங்கே அம்மாவும் இல்லாமல் போக, அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்துவிட்டாளாம். என்னை அடையாளம் தெரிந்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையான சந்தோஷம் அது.

"சவேரியம்மா, வாங்க வாங்க. ஊட்டுக்குள்ள வாங்க."

அம்மா வாசலிலேயே தயங்கினாள். அந்த வீட்டுக்குள் அவள் ஜல்லியோடு போயிருக்கிறாள். ஓடு வேய்ந்தபிறகு போனதில்லை. அந்த வீட்டிலிருந்து யாரும் அவளை வாங்க என்று கூப்பிட்டதும் இல்லை.

உள்ளே முதலாளி கட்டிலில் கிடந்தார். வாதம் வந்து பேச்சு போய்விட்டது. அம்மா கையைக் கூப்பி, "சாமி, நான் சவேரிங்க," என்றாள். அவர் பார்த்தார். எதுவும் தெரிந்த மாதிரி இல்லை.

கோமதி வாங்கிவைத்திருந்த இளநீரை வெட்டிக் கொடுத்தாள். ஜெனியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "நாங்க வந்தப்ப இங்க ஒண்ணுமே கெடையாது கண்ணு. வெறும் முள்ளும் கல்லுந்தான். மனுச நடமாட்டமே இல்ல. எங்கய்யன் ஒத்த ஆளா நின்னு இத்தனையும் பண்ணுச்சு."

ஜெனி இளநீரை உறிஞ்சிக்கொண்டே தலையை ஆட்டினாள். அம்மா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க இருந்தமுங்களே, அம்மிணி," என்றாள் அம்மா. சண்டை பிடிக்கிற குரலில் இல்லை. மறந்துபோன சாமானை நினைவுபடுத்துவது போல.

"ஆமாங்க, நீங்களும் இருந்தீங்க," என்றாள் கோமதி உடனே. "அப்பறம் நீங்களா சேலத்துக்குப் போயிட்டீங்க, பள்ளிக்கூடத்துக்கோசரம். நான் எத்தன நாளு அழுதன் தெரியுங்களா? பிலோ இல்லாம வெளையாடறதுக்கு ஆளே இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"பாறைக்கிட்ட ஒருக்கா போயிட்டு வரட்டுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"பாறையா? அதைய ஒடச்சுட்டமுங்க. பண்ணைக்கு அஸ்திவாரத்துக்கு வேணும்னு. எதுக்குங்க?"

"லூர்து."

அன்றைக்குத் தள்ளி நின்று பார்த்தவள்தான், ஆனாலும் கோமதிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டாள். "அந்தப் பாப்பாவா? இங்கயா வெச்சீங்க? மல்லசமுத்தரத்துல வெச்சீங்கன்னுல்ல நெனச்சுட்டு இருந்தன்."

பாறை இருந்த மூலையில் நீளமாக ஒரு கோழிப்பண்ணை. கம்பி வலை, அதற்குள் வரிசை வரிசையாகக் கூண்டு, கீழே எச்சம் குவிந்து கிடந்தது. ஜெனி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். அம்மா கொஞ்ச தூரம் போனாள், நின்றாள், திரும்பினாள். ஓடையைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். பாறை இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போய் நின்றிருப்பாள். பாறை இல்லாமல் அவளுக்கு இடம் தெரியவில்லை. கடைசியில் வலைக்கு முன்னால் நின்று, அந்த முழுப் பண்ணையையும் பார்த்து, செபமாலை சொல்லத் தொடங்கினாள். கோழிகளின் இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. கோமதி எங்களோடு கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய அப்பா வார்த்தையில்லாத குரலில் எதற்கோ கத்தினார். அவள் ஓடினாள்.

காரில் ஏறியதும் ஜெனி என் காதில் கேட்டாள், "அம்மாயி எதுக்குக் கோழிக்கு ப்ரே பண்ணாங்க?"

அப்புறம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

6

குடியேறிகள் நாளுக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, படமும் வரைந்து கொண்டுவரவேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நல்ல மனசுக்காரர், சின்ன வயது. பிள்ளையைக் கூப்பிடப் போனபோது என்னிடமே சொன்னார், நீங்களும் முன்னோடிகள்தானே, எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று. நான் சிரித்துவைத்தேன்.

அன்று சாயங்காலமே ஜெனியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊற்று, போர் வண்டி, கல்லுக்குழி, பைக், பாறை. அவளுக்குப் புரியாத இடங்களில் இங்கிலீஷில் சொன்னேன். அசையாமல் கேட்டாள்.

"லூர்து போட்டோ இருக்கா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

அவளால் அதை நம்பமுடியவில்லை. அவளுடைய ஒரு பிறந்தநாளுக்கே என் போனில் எத்தனையோ படங்கள் கிடக்கின்றன. "அப்ப எப்படி இருப்பான்னு உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றாள். எனக்குச் சிரிப்பு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அதைச் சொன்னேன்.

"நான் எழுதறேன்," என்றாள். "லூர்து பத்தி எழுதறேன்."

லூர்து பிறந்தது எந்த மாதம் என்று எனக்குத் தெரியாததால் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எதுக்குக் கேக்கற?" என்றாள் அம்மா.

"ஜெனி ஸ்கூல்ல நம்மளப் பத்தி எழுதறா. லூர்துவப் பத்தி."

அந்தப் பக்கம் டிவியை நிறுத்தச் சொல்லி அம்மா பீட்டரிடம் சொல்வது கேட்டது. 

"தை மாசம்," என்றாள் பிறகு. "பேர முழுசா எழுதச் சொல்லு. வெறும் லூர்துன்னு எழுதீரப் போறா. லூர்து மேரி."

அதற்குப் பிறகு பீட்டர் சொல்லித்தான் தெரிந்தது. சேலத்தில் அன்னதானப்பட்டியில் அவர்கள் இருக்கிற சந்து முழுக்க அம்மா சொல்லிவிட்டாளாம். லூர்து பேர் அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் ஒட்டப்போகிறார்கள் என்று. பங்குச் சாமியாரிடமும் சொல்லி, லூர்து பேரில் பூசை வைக்கக் காசு கொடுத்திருக்கிறாள்.

அன்றைக்குப் பள்ளிக்கூட மண்டபம் முழுக்கச் சோள ரொட்டி வாசனை. தொப்பி போட்ட பிள்ளைகள் வாளி தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பாதித் தண்ணீர் தரையில். சுவரில் குடும்பங்களின் பக்கங்களை ஒட்டியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போய் ஜெனியின் பக்கத்துக்கு வந்தேன். ஒரு குடிசை, இரண்டு தென்னைமரம், ஒரு விமானம். எங்கள் காட்டில் தென்னையே இருந்ததில்லை.

என் அம்மாவின் குடும்பம் இந்தியாவில் ஒரு பண்ணையில் வசித்தது, அங்கே அவர்களுக்கு ஆடு இருந்தது, பிறகு அவர்கள் நகரத்துக்கு மூவ் ஆனார்கள், பிறகு என் அம்மா அமெரிக்காவுக்கு மூவ் ஆனார், நாங்களும் முன்னோடிகள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள். ஓரத்தில் டீச்சர் ஒட்டிய பொன்னட்சத்திரம். இன்னொருமுறை மேலிருந்து படித்தேன். பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று ஓரத்தைத் தூக்கிக்கூடப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பையனின் அம்மா, எவ்வளவு அழகான கதை என்று என் தோளைத் தொட்டுச் சொன்னார். நன்றி என்றேன்.

மண்டபம் காலியானதும் டீச்சர் பக்கங்களைக் கழற்றிப் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்பினார். காரில் ஜெனி அதை மடியில் வைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நான் வண்டியைக் கிளப்பவில்லை.

"லூர்து எங்க ஜெனி?"

"எழுதினேம்மா. ஃபர்ஸ்ட் எழுதினேன். அப்புறம் அழிச்சுட்டேன்."

"டீச்சர் சொன்னாங்களா?"

"இல்ல. நானேதான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எல்லாரும் படிச்சுட்டு என்னைப் பாப்பாங்க. கொஸ்டீன் கேப்பாங்க. கோமதி ஆன்ட்டி கெட்டவங்களான்னு கேட்டா நான் என்ன சொல்றது? அவங்க எனக்கு இளநீ குடுத்தாங்களே."

 இத்தனை வருடமாக எனக்கே கிடைக்காத பதிலைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்க முடியாது. வகுப்பிலேயே எங்கள் நிறத்தில் இருக்கிறவள் அவள் ஒருத்திதான். எல்லோரும் திரும்பிப் பார்ப்பது என்றால் என்னவென்று என்னைவிட அவளுக்கு அதிகமாகத் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிய மண். விதைப்புக்குத் தயாராக இருந்தது. இந்த மண்ணில் யாருடைய பிள்ளைகள் கிடக்கிறார்களோ என்று முதல்முறையாக நினைத்தேன்.

7

சனிக்கிழமை காலையில் வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டோம். அங்கே சாயங்காலம். அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பீட்டர் போனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தான்.

முந்தின நாளே நான் அம்மாவிடம் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை.

"எங்க சாமி, எழுதுனதக் காட்டு," என்றாள் அம்மா.

ஜெனி அந்தத் தாளை எடுத்துவந்து கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். அம்மா முகத்தைப் போனுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். திரை முழுக்க அவள் கண்ணும் மூக்கும்தான் தெரிந்தது.

"படம் நல்லா இருக்குது. ஏரோப்ளேன் போட்டிருக்கறா பாரு." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல லூர்து பேரு எதுங்கண்ணு? வெரல வெச்சுக் காட்டு."

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எந்த வார்த்தையைக் காட்டினாலும் நம்பியிருப்பாள். நான் என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். ஜெனி முந்திக்கொண்டாள்.

"இல்ல அம்மாயி. லூர்து இல்ல. நான் எழுதிட்டு அழிச்சுட்டேன்."

அம்மாவின் முகம் அப்படியே இருந்தது. "செரி சாமி," என்றாள். "சின்னப் புள்ள. உனக்கென்ன தெரியும்."

பிறகு போனைக் கட்டிலில் வைத்தாள் போலிருக்கிறது. திரையில் சிமென்ட் ஷீட் கூரை மட்டும் தெரிந்தது. ஓர் ஓரத்தில் ஃபேனின் ஓர் இறக்கை. தூரத்தில் பீட்டரின் குரல், "எங்கம்மா போற? புள்ளை பேசிட்டிருக்கறால்ல?" என்றது. 

"அம்மாயி திரும்பி வருவாங்களா?" என்று ஜெனி கேட்டாள்.

"தெரியல," என்றேன்.

நான் போனை வைக்கவில்லை. ஜெனியும் தாளைக் கீழே இறக்கவில்லை. அந்தக் கூரைக்கு நேராக அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.